திருச்சியிலிருந்து பலாலி எவ்வளவு தூரம்? வேதாரண்யத்துத் தம்பிக்கு ஒரு பதில்

வேதாரண்யத்திலிருந்து ஒரு தம்பி கேட்டது இது: "திருச்சி விமான நிலையத்துக்கும் யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையத்துக்கும் எவ்வளவு தூரம்? செல்போனில் தட்டிப் பார்த்தால் 184 கிலோமீட்டர், 22 நிமிடம் என்று வருகிறது. டிக்கெட் போடுகிறவர் ஒரு மணி நேரம் என்கிறார். எது சரி? அம்மாவை நல்லூர்த் தேருக்கு அழைத்துப் போகவேண்டும். மூட்டுவலிக்காரர். மொத்தம் எத்தனை மணி நேரத்துக்குத் தயாராக இருக்கவேண்டும்?"

தம்பி, இரண்டுமே சரிதான். ஆனால் உங்கள் கணக்குக்கு இரண்டுமே உதவாது. வீட்டு வாசலில் இருந்து யாழ்ப்பாணத்து நல்லூர் முருகன் கோயில் போய்ச் சேர ஒன்பது, பத்து மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் விமானம் வானத்தில் இருப்பது அரை மணிக்குக் கொஞ்சம் மேலே. மீதி நேரமெல்லாம் எங்கே போகிறது என்று சொல்கிறேன். நான் திருத்துறைப்பூண்டிக்காரன், இருபது வருடத்துக்கு மேலாக டிக்கெட் போட்டுக் கொடுத்தவன். இந்தக் கேள்வியின் எல்லா வடிவத்தையும் கேட்டிருக்கிறேன்.

முதலில் அந்த 184. இதை யாரும் அளவுநாடா வைத்து அளக்கவில்லை. திருச்சி விமான நிலையம் வடக்கு அட்சரேகை 10.77 பாகையிலும் கிழக்குத் தீர்க்கரேகை 78.71-லும் இருக்கிறது. பலாலி 9.79-லும் 80.07-லும் இருக்கிறது. நம் பக்கத்தில் ஒரு பாகை என்பது வடக்கு தெற்காக ஏறக்குறைய 110.6 கிலோமீட்டர், கிழக்கு மேற்காக 109.5. ஆக, பலாலி திருச்சிக்குத் தெற்கே 108 கிலோமீட்டர், கிழக்கே 149 கிலோமீட்டர். பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ் தேற்றத்தைப் போட்டால் 184 வந்துவிடும். இவ்வளவு சின்னத் தூரத்துக்குப் பூமி உருண்டை என்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். விமானிகள் கணக்கில் ஒரு கடல்மைல் 1.852 கிலோமீட்டர், அதனால் அவர்களுக்கு இது ஏறக்குறைய 100 கடல்மைல்.

வரைபடத்தில் அளவுகோலை வைத்து இந்தக் கோட்டை ஒருமுறை போட்டுப் பாருங்கள். திருச்சியில் கிளம்பி, புதுக்கோட்டை மாவட்டத்தின் வடகிழக்கு மூலையை உரசி, பட்டுக்கோட்டைக்குக் கொஞ்சம் தெற்கே போய், அதிராம்பட்டினம் பக்கத்தில் கடலில் இறங்கும். அதற்கப்புறம் பாக் நீரிணைதான். கோடியக்கரை முனை அந்தக் கோட்டுக்கு வடக்கே முப்பது சொச்சம் கிலோமீட்டரில் நிற்கும்.

இங்கேதான் உங்கள் ஊரின் விதி. வேதாரண்யத்திலிருந்து பலாலி நேர்கோட்டில் 70 கிலோமீட்டர்கூட இல்லை. உங்களுக்குத் திருத்துறைப்பூண்டி வந்து திரும்பும் தூரம்! ஆனால் நீங்கள் மேற்கே 130 கிலோமீட்டர் தள்ளியிருக்கிற திருச்சிக்குப் போய், அங்கிருந்து 184 கிலோமீட்டர் கிழக்கே திரும்பி வந்து, உங்கள் ஊர்க் கடலுக்கு எதிர்க்கரையில் இறங்கவேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, இந்தப் பயணம் அசல் அதுதான்.

அடுத்து அந்த 22 நிமிடம். இந்தத் தடத்தில் பறப்பது ஏடிஆர் 72, இரண்டு விசிறி வைத்த விமானம். நன்றாக ஓடும்போது மணிக்கு 500 கிலோமீட்டர் வேகம். 184-ஐ 500-ஆல் வகுத்தால் 22 நிமிடம். கணக்கு தப்பில்லை. ஆனால் விமானம் அந்த வேகத்தில் ஓடுவது நடுவில் கொஞ்ச நேரம்தான். ஏறும்போது வேகம் குறைவு, இறங்கும்போது அதைவிடக் குறைவு. தஞ்சாவூர் பஸ் நெடுஞ்சாலையில் எண்பதில் போகும் என்பதற்காக ஊரிலிருந்து ஊருக்கு எண்பதால் வகுக்கமாட்டோம் அல்லவா? அதே கதைதான்.

டிக்கெட்டில் போட்டிருக்கும் ஒரு மணி நேரத்துக்கு விமானக்காரர்கள் 'பிளாக் டைம்' என்பார்கள். புறப்படும் இடத்தில் சக்கரத்துக்கு அண்டக்கொடுத்த கட்டையை எடுப்பதிலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி கட்டை கொடுப்பது வரைக்கும். ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, கட்டுப்பாட்டு அறை அனுமதிக்காகக் காத்திருப்பது, சென்னை வான்பகுதியிலிருந்து கொழும்பு வான்பகுதிக்குக் கைமாறுவது எல்லாம் அதில் சேர்த்தி. எதற்கும் இருக்கட்டும் என்று கொஞ்சம் கூட்டியும் போட்டிருப்பார்கள். அதனால்தான் பல நாள் "பத்து நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டது" என்று சந்தோஷப்படுகிறோம்.

காற்றும் இதில் கொஞ்சம் விளையாடும். விமானம் எப்போதும் எதிர்காற்றில்தான் ஏறும், எதிர்காற்றில்தான் இறங்கும். திருச்சி ஓடுபாதையின் பெயர் 09/27. அதாவது ஒரு பக்கம் 90 பாகை கிழக்கைப் பார்க்கும், மறுபக்கம் 270 பாகை மேற்கைப் பார்க்கும். நீங்கள் போகப்போவது ஆடி, ஆவணியில். அப்போது அடிப்பது மேல்காற்று, நம் மீனவர்கள் கச்சான் என்பது. ஆகையால் பெரும்பாலும் மேற்கே பார்த்து ஓடி எழும்பி, பிறகு வளைந்து தென்கிழக்கே திரும்பும். போகவேண்டிய திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிளம்பும், பயப்படவேண்டாம். பலாலி ஓடுபாதை 05/23. தென்மேற்குக் காற்றில், தென்மேற்கைப் பார்க்கும் 23-ல் இறங்கவேண்டும் என்றால் ஓடுபாதையைத் தாண்டிப் போய், வடகிழக்கே கடல் பக்கமிருந்து சுற்றி வரவேண்டும். இரண்டு முனையிலும் இந்தச் சுற்று ஐந்தாறு நிமிடத்தைத் தின்னும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை அடிக்கும்போது எல்லாம் தலைகீழ்.

(கச்சான் என்று யாழ்ப்பாணத்தில் கேட்டால் காற்றைக் காட்டமாட்டார்கள், வேர்க்கடலையைக் கொடுப்பார்கள். நல்லூர்த் திருவிழாவில் கச்சான் கடை வரிசையைப் பார்த்தே ஆகவேண்டும்.)

நேர வித்தியாசம் உண்டா என்று அடுத்துக் கேட்பீர்கள். இப்போது இல்லை. 1996-ல் இலங்கை கடிகாரத்தை முன்னால் தள்ளி வைத்தது. 2006 ஏப்ரலில் மறுபடி நம்மோடு ஒரே நேரத்துக்கு வந்துவிட்டது. கைக்கடிகாரத்தைத் தொடவேண்டாம்.

இனி நிஜமான பயணத்துக்கு வருவோம். அது தரையில்தான் நடக்கிறது.

வேதாரண்யத்திலிருந்து திருச்சி விமான நிலையம் சாலைவழி ஏறத்தாழ 160 கிலோமீட்டர். காரில் நான்கு மணி நேரம் வையுங்கள். திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி, வடுவூர், தஞ்சாவூர் என்று போங்கள். திருவாரூர் போய் நீடாமங்கலம் வழியாகத் திரும்பலாம் என்று டிரைவர் சொன்னால் கேட்காதீர்கள். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டியவர்கள் கதை டெல்டாவில் வீட்டுக்கு ஒன்று இருக்கும். என் சொந்தக்காரர் ஒருவர் சிங்கப்பூர் போகவேண்டியவர். கேட்டில் நின்றார், அது திறந்தபோது இரண்டு பக்கத்து வண்டியும் நடுவில் முட்டிக்கொண்டது, விமான நிலையத்துக்கு ஓடி வந்தபோது கவுண்ட்டரை மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து அந்த வழியே யாருக்கும் சொல்வதில்லை. பட்டுக்கோட்டை, புதுக்கோட்டை சுற்றியும் போகலாம். விமான நிலையம் புதுக்கோட்டை ரோட்டிலேயே இருப்பதால் திருச்சி ஊருக்குள் நுழையவே வேண்டாம். ஆனால் தூரம் கூடுதல், அம்மாவோடு போகும்போது நான் தஞ்சாவூர் வழிதான் எடுப்பேன். தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்கு நாலுவழிச் சாலை, முதுகு நோகாது.

இது வெளிநாட்டுப் பயணம் என்பதை மறந்துவிடாதீர்கள். எதிர்க்கரைதானே, மெட்ராஸைவிடக் கிட்டதானே என்று மனசு சொல்லும். ஆனால் பாஸ்போர்ட் வேண்டும், அதில் ஆறு மாதமாவது காலம் பாக்கி இருக்கவேண்டும், இலங்கையின் மின்னணு பயண அனுமதி வேண்டும். அந்த அனுமதியின் கட்டணமும் விதியும் அடிக்கடி மாறுவதால் அரசுத் தளத்தில் மட்டும் பாருங்கள், நடுவில் வேறு யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள். மூன்று மணி நேரம் முன்னால் வரச் சொல்வார்கள், சிங்கப்பூருக்குப் போனாலும் பலாலிக்குப் போனாலும் அதே மூன்று மணி நேரம்தான். அரை மணிப் பறப்புக்கு மூன்று மணி நேரக் காத்திருப்பு என்பது எனக்கும் எரிச்சல்தான், என்ன செய்வது.

திருச்சியில் புதிய முனையம் 2024 ஜூன் 11-ல் இயங்கத் தொடங்கியது. 75,000 சதுர மீட்டர். பழைய கட்டடத்தில் கூட்டத்தோடு கூட்டமாக இடித்துக்கொண்டு நின்றவர்களுக்கு இது அரண்மனை. ஆனால் அரண்மனையில் நடக்கவேண்டுமே! அம்மாவுக்கு மூட்டுவலி என்கிறீர்கள். டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி வேண்டும் என்று சொல்லிவிடுங்கள், அதற்குத் தனிக் காசு இல்லை. நம் ஊர்ப் பெரியவர்களுக்கு அதில் உட்கார ஒரு வெட்கம் இருக்கும். வாங்கி வைத்துவிட்டால் உட்கார்ந்துவிடுவார்கள். ஏடிஆரில் ஏறுவது பின்பக்கக் கதவால், படிகள் ஐந்தாறுதான். பெரிய விமானத்தின் ஏணியை நினைத்துப் பயப்படத் தேவையில்லை. உள்ளே தலைக்கு மேலே பை வைக்கும் இடம் சின்னது, கனத்த கைப்பை எடுக்காதீர்கள்.

பலாலி சின்ன நிலையம். ஒரே விமானத்துக் கூட்டம்தான் வரும், முத்திரை குத்தி வெளியே வர அரை மணி, முக்கால் மணி. அங்கிருந்து யாழ்ப்பாணம் நகரம் பதினாறு, பதினேழு கிலோமீட்டர். பலாலி வீதியிலேயே உரும்பிராய், கோண்டாவில், திருநெல்வேலி என்று நேராக வந்தால் நல்லூர் கிட்டே வந்துவிடும். திருநெல்வேலி என்றதும் அம்மா திடுக்கிடலாம். அங்கேயும் ஒரு திருநெல்வேலி உண்டு, பேச்சில் தின்னவேலி என்பார்கள். ஆட்டோவில் நாற்பது நிமிடம்.

கூட்டிப் பாருங்கள். சாலை நான்கு, காத்திருப்பு மூன்று, விமானம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றரை. ஒன்பதரை மணி நேரம். இதில் எந்த விமானத்தையும் வேகமாக ஓட்டி ஒரு பிரயோசனமும் இல்லை. நாளைக்கே ஜெட் விமானம் விட்டாலும் உங்களுக்குப் பத்து நிமிடம்தான் மிச்சம். தஞ்சாவூரில் பயணிகள் விமானம் வரட்டும், அப்போது ஒரு மணி நேரம் மிச்சமாகும். அங்கே இப்போதைக்கு விமானப் படைதான் இருக்கிறது, 2020 ஜனவரியிலிருந்து சுகோய்-30 படையணி. அதில் நம்மை ஏற்றமாட்டார்கள்.

"கப்பலில் போனால் என்ன?" என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் ஊர்க்காரர் யாரும் இதை யோசிக்காமல் இருக்கமுடியாது. நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்தின் வடகரைத் துறைமுகமான காங்கேசன்துறைக்குக் கப்பல் 2023 அக்டோபர் 14-ல் தொடங்கியது, 'செரியபாணி' என்ற கப்பல். ஒரே வாரத்தில் மழைக்காலத்தைச் சொல்லி நிறுத்திவிட்டார்கள். மறுபடி 2024 ஆகஸ்ட் 16-ல் 'சிவகங்கை' ஓட ஆரம்பித்தது. கடலில் 110 கிலோமீட்டர், ஏறக்குறைய நான்கு மணி நேரம். வேதாரண்யத்திலிருந்து நாகை ஒன்றரை மணி நேரம், அங்கே காத்திருப்பு, கடல், இறங்கிச் சோதனை, காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாணம். இதுவும் ஒன்பது மணி நேரத்தைத் தொட்டுவிடும்! விமானத்தில் இருப்பதுபோல் நான்கு மடங்கு நேரம் கடலில் இருந்தும் மொத்தக் கணக்கு சமமாகிறது என்றால், திருச்சி உங்களுக்கு எவ்வளவு தப்பான திசையில் இருக்கிறது என்று பாருங்கள். இதில் ஒரு வேடிக்கை: நாகப்பட்டினமும் திருச்சி விமான நிலையமும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. நாகையிலிருந்து கப்பல் நேராகத் தெற்கே இறங்குகிறது, திருச்சியிலிருந்து விமானம் சரிவாக வருகிறது. இரண்டும் போய்ச் சேரும் இடங்களுக்கு நடுவே சில கிலோமீட்டர்தான்.

கும்பகோணத்துக்காரர், மன்னார்குடிக்காரர் கேட்டால் விமானம் என்பேன். நாகூர், வேளாங்கண்ணி ஆட்களுக்குக் கப்பல்தான். வேதாரண்யம் நடுவில் நிற்கிறது. உங்கள் விஷயத்தில் நான் விமானம் என்றே சொல்வேன், காரணம் அம்மா. ஆடிக் காற்றில் கடல் சும்மா இருக்காது. நான்கு மணி நேரம் குமட்டலோடு உட்கார்ந்துவிட்டு மறுநாள் தேர்க்கூட்டத்தில் நிற்கமுடியாது. கப்பல் எல்லா நாளும் ஓடுவதில்லை, காற்று கூடினால் பயணமே ரத்தாகும். தேருக்கு என்று நாள் குறித்துப் போகிறவர்களுக்கு அது ஆகாது. நீங்கள் தனியாக, சாமானோடு போகிறவராக இருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

நல்லூர்க் கொடியேற்றம் ஆடி அமாவாசைக்கு ஆறாம் நாள். திருவிழா இருபத்தைந்து நாள். தேர் இருபத்து நான்காம் நாள், அதற்கு மறுநாள் ஆவணி அமாவாசையை ஒட்டித் தீர்த்தம். தேருக்கு இரண்டு நாள் முன்னால் போய்விடுங்கள். வெளிநாட்டிலிருந்து வருகிற யாழ்ப்பாணத்துக்காரர்கள் கூட்டமும் அதே வாரம்தான், டிக்கெட் முன்னாலேயே போட்டாகவேண்டும். இந்தத் திருச்சி, பலாலி விமானத்தை இண்டிகோ 2025 மார்ச் 30-ல் தொடங்கியது. அந்தத் தேதிக்கு ஒரு காரணம் உண்டு. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறுக்கு முந்தைய சனி வரை கோடைக்கால அட்டவணை, மிச்சம் குளிர்கால அட்டவணை என்று உலகம் முழுக்க விமான நேரம் இரண்டு பருவமாகப் பிரித்துப் போடப்படுகிறது. பருவம் மாறும்போது புறப்படும் நேரம், நாட்கள், சில சமயம் தடமே மாறும். போன வருடம் போனவர் சொன்ன நேரத்தை நம்பிக் கார் பேசாதீர்கள்.

இதற்கு முன்னால் திருச்சியிலிருந்து யாழ்ப்பாணம் போகிறவர்கள் ஒன்று சென்னை போய் ஏறுவார்கள், இல்லை கொழும்பு போய் இறங்கி, அங்கிருந்து ஒரு இரவு முழுக்க பஸ்ஸில் வடக்கே வருவார்கள். 400 கிலோமீட்டர் தெற்கே போய், ஏறக்குறைய அதே அளவு வடக்கே திரும்புவது! அதற்கு நம் சுற்று எவ்வளவோ தேவலை. இன்னும் பின்னால் போனால் இலங்கையின் ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் 1947 டிசம்பர் 10-ல் கொழும்பு பக்கத்து இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறையில் இறங்கித்தான் சென்னைக்குப் போனது. அவர்கள் காங்கேசன்துறை என்று சொன்னது இதே பலாலியைத்தான், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படை போட்ட களம். போரால் அடைபட்டுக் கிடந்து, 2019 அக்டோபர் 17-ல் சர்வதேச நிலையமாகத் திறந்து, சென்னை விமானம் வந்து, கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி வந்தது. இந்தத் தடம் விட்டுவிட்டு வரும் தடம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு, டிக்கெட் ரத்தானால் பணம் திரும்ப வருமா என்று படித்துப் பார்த்தே போடுங்கள்.

கடைசியாக, இருக்கை எண். போகும்போது இடப்பக்கம், 'ஏ' எழுத்து இருக்கையை அம்மாவுக்குப் போடுங்கள். ஏடிஆருக்கு இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் கீழே பார்க்க மறைவில்லை. பாதி நேரம் கடந்து நிலம் முடிகிற இடத்தில் முதலில் முத்துப்பேட்டை அலையாத்திக்காடு பச்சையாகத் தெரியும். மேகம் இல்லை என்றால் அதற்கு அப்பால் கரை வளைந்து ஒரு முனையாக நீளும், அதன்மேல் வெள்ளைக் கட்டம் கட்டமாக உப்பளம். காலையில் பூட்டிவிட்டு வந்த வீடு அங்கேதான் எங்கேயோ இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லுங்கள். திரும்பி வரும்போது வலப்பக்கம்.